பன்னிரண்டாம் பக்கத்து அரக்கன்

பன்னிரண்டாம் பக்கத்தில் டீச்சரின் கணவன் நின்றுகொண்டிருந்தான்.

கடைவாயில் இரண்டு கோரைப்பல், ரத்தச் சிவப்பில் கண்கள், கையில் செயின் ரம்பம், காலடியில் அழுதுகொண்டிருக்கும் ஒரு மான்குட்டி. இதெல்லாம் ஓவியர் சேர்த்தது. ஆனால் தலையில் இருந்த ஆரஞ்சு ஹெல்மெட் அவனுடையது. ஹெல்மெட்டின் இடப்பக்கம் ஒட்டியிருந்த மஞ்சள் வாத்து ஸ்டிக்கரும் அவனுடையதுதான். சோப்போடு இலவசமாக வந்த அந்த வாத்தை அவன் மகள் ஒட்டிவிட்டாள். ஒட்டும்போதே வாத்தின் மூக்கு நுனி கிழிந்துபோனது. படத்திலும் கிழிந்திருந்தது.

டீச்சர் எந்தப் படப் புத்தகத்தையும் முன்கூட்டிப் படித்துப் பார்க்க மாட்டாள். அது அவள் பழக்கம். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்துதான் முதல் தடவை பக்கத்தைத் திருப்புவாள். "நான் முன்னாடியே படிச்சுட்டா என் மூஞ்சியே கதையைக் காட்டிக் குடுத்துடும்" என்பாள். பதினொரு வருஷமாக இதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. டீச்சரும் தங்களைப் போலவே திடுக்கிடுகிறாள் என்பதில் பிள்ளைகளுக்கு ஒரு குஷி.

அன்றைக்குத் திடுக்கிட்டது நிஜம்.

கதையின் பெயர் 'காட்டு ராணியும் ரம்ப அரக்கனும்'. மழைக்காட்டைக் காப்பாற்றுவது பற்றிக் குழந்தைகளுக்குச் சொல்லித் தர, மரக் கம்பெனி இலவசமாக அச்சடித்துத் தந்தது. வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள், ஆளுக்கு ஒரு புத்தகம்; டீச்சர் வாசித்துக் காட்டும்வரை யாரும் திறக்கக் கூடாது. பாதிப் பேருக்கு மேல் அப்பாக்கள் அந்தக் கம்பெனியில்தான் மரம் வெட்டுகிறார்கள், ஏற்றுகிறார்கள், அறுக்கிறார்கள்.

அவள் வாசித்துக்கொண்டிருந்த வரி இது: 'அவன் பேராசைக்காரன். அவனுக்குப் பிள்ளையும் இல்லை, குட்டியும் இல்லை. அதனால்தான் காட்டின் அழுகை அவன் காதில் விழவில்லை.' வாசித்து முடித்த பிறகுதான் பக்கத்தைத் திருப்பிப் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினாள். காட்டும்போதுதான் அவளும் பார்த்தாள்.

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"டீச்சர், இது வாலு அப்பா," என்றது முன்வரிசையில் ஒரு குரல்.

"ஆமாடா. வாத்தைப் பாரு."

"ஐயோ, மூக்கு கூடக் கிழிஞ்சிருக்கு."

பிள்ளைகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்தின் அடியில் கொட்டை எழுத்தில், 'ரம்ப அரக்கா, ரம்ப அரக்கா, காட்டை விட்டு ஓடிப் போ' என்று கூட்டமாகப் பாட ஒரு வரி. பத்தாம் பக்கத்திலேயே அதை மூன்று தடவை கத்திப் பழகியிருந்தார்கள். யாரும் சொல்லாமலே ஆரம்பித்தார்கள். முப்பது தொண்டைகள்.

மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த முப்பத்தொன்றாவது தொண்டை கத்தவில்லை. அவள்தான் வாலு. வீட்டில் அவள் செய்த வாலுத்தனத்துக்குக் கிடைத்த பெயர், பள்ளிக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. டீச்சரின் மகள். பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றவனுக்கு இருக்கிற ஒரே பிள்ளை.

டீச்சர் புத்தகத்தை மூடினாள். மூடியிருக்கக் கூடாது. மூடியதும் பிள்ளைகளுக்கு அது உண்மை என்று ஆகிவிட்டது.

*

டீச்சரின் கணவன் ரம்பக்காரன் நாலரை மணிக்கு வந்தான். கம்பெனி லாரி தெருமுனையில் இறக்கிவிட்டுப் போகும். சேறு அப்பிய பூட்ஸைப் பின்வாசலில் கழற்றி, கணுக்காலில் ஒட்டியிருந்த இரண்டு அட்டைகளை உப்பு வைத்து உதிர்த்தான். அவனுடைய விரல் நுனிகள் எப்போதும் வெளுத்திருக்கும். நாளெல்லாம் மெஷின் உதறி உதறி அவற்றில் உணர்ச்சி செத்துப்போயிருந்தது. டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பான்.

"வாலு எங்கே? சத்தமே இல்லை."

"உள்ளே."

"காய்ச்சலா?"

டீச்சர் புத்தகத்தை அவன் முன்னால் வைத்தாள். கை ஈரம் படாமல் துடைத்துக்கொண்டுதான் அவன் திருப்பினான். பன்னிரண்டாம் பக்கம் வந்ததும் சிரித்தான்.

"அட, நம்ம வாத்து."

"வாத்து மட்டும்தான் தெரியுதா உங்களுக்கு?"

மறுபடி பார்த்தான். எழுத்துக் கூட்டி அந்த வரியையும் படித்தான். 'பிள்ளையும் இல்லை, குட்டியும் இல்லை' என்ற இடத்தில் அவன் உதடு நின்றுவிட்டது.

அந்த நேரத்தில்தான் கயிறு வந்தான். டீச்சருக்கு அண்ணன். வெட்டிய மரத்தில் இரும்புக் கயிறு மாட்டி இழுக்கிற வேலை. அதனால் பெயரே கயிறு. புத்தகத்தை எட்டிப் பார்த்தான்.

"மாப்ளே, படத்துல வந்துட்டீங்க. இனிமே உங்களைப் பிடிக்க முடியாது."

"போட்டோ ஞாபகம் இருக்கா மச்சான்?"

"எந்தப் போட்டோ?"

"போன வருஷம் பாதுகாப்புக் காலண்டர் போடறோம்னு எடுத்தாங்களே. வெயில் கண்ல அடிக்குது, சாயந்திரம் எடுங்கன்னேன். 'அப்படியே முறைங்க, நல்லா இருக்கு'ன்னான் அந்தப் பையன். முறைச்சேன்."

"அதான் கோரைப்பல் முளைச்சிருக்கு," என்றான் கயிறு. சிரிப்பு எடுபடவில்லை. வாயை மூடிக்கொண்டான்.

"காலண்டருக்குன்னு எடுத்ததை இதுக்குக் குடுத்திருக்காங்க," என்றாள் டீச்சர். "எவனோ ஒருத்தன் ஏசி ரூம்ல உக்காந்து, இந்த ஆளோட மூஞ்சியை வெச்சு அரக்கன் வரைஞ்சிருக்கான். ஆள் உயிரோட இருக்கானா, அவனுக்குப் பொண்டாட்டி பிள்ளை இருக்கான்னு ஒருத்தனும் கேக்கலை."

"நீ படிச்சுப் பார்த்துட்டு வகுப்புக்குக் கொண்டு போயிருக்கலாம்ல?"

அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். அவள் விருட்டென்று திரும்பினாள். சமையலறைக்குப் போய், பாத்திரங்களைக் கழுவுகிற சாக்கில் உடைக்கிற மாதிரிப் போட்டாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு வாலு வந்தாள். அப்பா பக்கத்துப் பலகையை விட்டு அம்மாவுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். அவன் தன் முட்டையின் மஞ்சளை எடுத்து வழக்கம்போல் அவள் தட்டில் வைத்தான். அவள் அதை ஒரு ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டு எழுந்தாள்.

அன்றிலிருந்து மகள் அப்பாவிடம் பேசவில்லை. அடம் இல்லை, அழுகை இல்லை. கேட்டால் அம்மாவிடம் பதில் சொன்னாள். "அப்பாகிட்ட சொல்லுங்க, தண்ணி அங்கே இருக்குன்னு." பள்ளியில் அவள் பெயர் மாறியது. வாலு போய் 'அரக்கன் பொண்ணு' ஆனாள். மைதானத்தில் அவள் வந்தால் பிள்ளைகள் மரம் மாதிரிக் கையை விரித்துக்கொண்டு நின்று, "வெட்டாதே, வெட்டாதே" என்றார்கள். விளையாட்டுத்தான். ஏழு வயசில் அதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

மூன்றாம் நாள் ரம்பக்காரன் ஹெல்மெட்டிலிருந்து வாத்தைச் சுரண்டி எடுத்தான். நகத்தால் முடியாமல், ரம்பச் சங்கிலியின் பல்லைத் தீட்டுகிற அரத்தால் சுரண்டினான். அதையும் மகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

தலைமையாசிரியரை எல்லோரும் பெரிய சார் என்றுதான் கூப்பிடுவார்கள். டீச்சர் போனபோது அவர் அறையில் கம்பெனி மேடமும் இருந்தாள். பள்ளிகளுக்குப் புத்தகம் தருவது, விழா நடத்துவது, படம் எடுப்பது எல்லாம் அந்த மேடத்தின் பொறுப்பு.

"உக்காருங்க டீச்சர். வெள்ளிக்கிழமை கம்பெனி டைரக்டர் வர்றார். உங்க வகுப்புப் பிள்ளைங்க பாடற மாதிரி வெச்சிருக்கோம்," என்றார் பெரிய சார்.

"அந்தப் புத்தகத்தைத் திருப்பி எடுத்துக்கச் சொல்ல வந்தேன் சார்."

மேடம் சிரித்தாள். "கேள்விப்பட்டேன். டீச்சர், அது கற்பனைப் பாத்திரம். உங்க வீட்டுக்காரருக்கு அப்படியா பல் இருக்கு?"

"ஹெல்மெட் இருக்கு. அதுல என் பொண்ணு ஒட்டின வாத்து இருக்கு."

"சோப்பு வாத்து ஊர் பூரா இருக்குமே."

"மூக்கு கிழிஞ்ச வாத்து ஊர் பூரா இருக்காது மேடம்."

மேடம் குரலைக் கொஞ்சம் தணித்தாள். "குழந்தைங்களுக்கு எளிமையாச் சொல்லணும். ஒரு நல்லவங்க, ஒரு கெட்டவங்க. காட்டை யாரோ ஒருத்தர் அழிக்கணும்ல கதையில?"

"கதையில யாரோ ஒருத்தர் அழிக்கட்டும். கடைசிப் பக்கத்துல பச்சை லாரியில செடி கொண்டு வந்து காட்டைக் காப்பாத்தறது யாரு? லாரில இலைச் சின்னம் போட்டிருக்கே, அது யாரோட சின்னம்? என் வீட்டுக்காரர் மரத்தை வெட்டி யாருக்குக் குடுக்கிறார், வீட்டு அடுப்புக்கா?"

பெரிய சார் தொண்டையைச் செருமினார். அவர் கெட்டவர் இல்லை. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. பள்ளிக்கூடத்தின் புதுக் கூரை கம்பெனி போட்டது. மழை பெய்யும்போதெல்லாம் அது அவருக்கு ஞாபகம் வரும். இந்த ஊரில் மழை பெய்யாத நாள் குறைவு.

"டீச்சர், ஒரு நாள் பாட்டு. பிள்ளைங்க பாடட்டும், டைரக்டர் போட்டோ எடுத்துக்கட்டும், போகட்டும். அப்புறம் புத்தகத்தை அலமாரியில வெச்சுப் பூட்டிடலாம்."

"என் பொண்ணு நடுவுல நின்னு அவ அப்பனை ஓடிப் போன்னு பாடணும். அதானே சார்?"

"உங்க பொண்ணை வேணா அன்னைக்கு லீவு போடச் சொல்லுங்க," என்றாள் மேடம். ரொம்பத் தாராளமாகச் சொன்னாள்.

டீச்சர் எழுந்தாள். பதில் சொன்னால் வேலை போய்விடும் என்று தெரிந்தது. மழையில் குடையைப் பிரிக்காமலே வீடு வந்து சேர்ந்தாள்.

*

"நாளைக்கு லாரி ஏறாதீங்க. வகுப்புக்கு வாங்க," என்றாள் கணவனிடம்.

அவன் பின்பக்கத் தாழ்வாரத்தில் சங்கிலி தீட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு பல்லுக்கும் அரத்தால் மூன்று இழுப்பு. கணக்குத் தப்பினால் ரம்பம் ஒரு பக்கமாக இழுக்கும்.

"வந்து? கோரைப்பல் இல்லைன்னு வாயைத் திறந்து காட்டவா?"

"காட்டுங்க."

"எனக்குப் பேச வராது."

"மச்சானோட சேர்ந்தா வாய் ஓயாதே."

"அது பேச்சு இல்லை, வம்பு." மூன்று இழுப்பு. அடுத்த பல். "நான் மரம் வெட்டறவன்தான். இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன்."

"பொய் சொல்லவா கூப்பிட்டேன்? பொய்தான் ஏற்கெனவே முப்பத்தொரு காப்பி இருக்கே."

அவன் அரத்தைக் கீழே வைத்தான். உள்ளே வாலு வீட்டுப்பாடம் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். வேண்டுமென்றே சத்தமாக.

"அவ அங்கே இருப்பாளா?"

"மூணாவது வரிசை."

"சரி, வரேன்."

*

துவைத்த சட்டை போட்டு, தலை சீவி, ரம்பக்காரன் வகுப்புக்கு வந்தான். நாற்காலி வேண்டாம் என்று தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்தான். முப்பது ஜோடிக் கண்கள் அவன் வாயையே பார்த்தன. வாலு ஜன்னலைப் பார்த்தாள்.

"நீங்க அரக்கனா?" என்று ஒரு சிறுமி நேரடியாகக் கேட்டாள்.

"தெரியலை. பார்த்துச் சொல்லு." வாயைத் திறந்தான்.

அவள் கிட்டே வந்து பார்த்தாள். "ஒரு பல் சொத்தை. வேற ஒண்ணும் இல்லை."

வகுப்பு சிரித்தது. ஜன்னல் பக்கம் மட்டும் சிரிக்கவில்லை.

"எந்த மரத்தை வெட்டலாம்னு நீங்கதானே முடிவு பண்றீங்க? புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."

"நானா? எங்க வீட்டுல இன்னைக்கு என்ன சமையல்னே நான் முடிவு பண்றதில்லை. உங்க டீச்சரைக் கேளு." பிறகு அவன் மெதுவாகச் சொன்னான். "நாங்க போறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே கம்பெனி சர்வேயர் காட்டுக்குள்ள போவாரு. கையில சிவப்புப் பெயிண்ட் டப்பா. வெட்டற மரத்துல நெஞ்சு உயரத்துக்கு நம்பர் போடுவாரு. நம்பர் போட்ட மரத்தை விட்டுட்டு வந்தா எனக்குத் திட்டு. நம்பர் இல்லாத மரத்தைத் தொட்டா எனக்கு வேலை இல்லை."

"புத்தகத்துல மரத்துல நம்பரே இல்லையே."

"இல்லை."

"நம்பர் போடற ஆளு எந்தப் பக்கத்துல இருக்காரு?"

பிள்ளைகளே தேட ஆரம்பித்தார்கள். பக்கம் புரளும் சத்தம் வகுப்பு முழுக்கக் கேட்டது. முன்னிருந்து பின், பின்னிருந்து முன். "இல்லை டீச்சர்." "என்னுதுலயும் இல்லை." "இவன் புத்தகத்துலயாவது இருக்கான்னு பார்த்தேன், இல்லை."

டீச்சர் கரும்பலகைப் பக்கம் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழாம் பக்கத்தில் இருவாச்சிப் பறவைகள் பெட்டி படுக்கையோடு காட்டை விட்டுப் பறக்கிற படம் இருந்தது. ஒருவன் அதைக் காட்டி, "நீங்க மரத்தை வெட்டினா இப்படித்தான் போயிடுமா?" என்று கேட்டான்.

ரம்பக்காரன் அந்தப் படத்தைக் கிட்டே இழுத்துப் பார்த்தான்.

"இப்படிப் போனா நல்லா இருக்கும். இது பொய். இருவாச்சியில பொட்டைப் பறவை முட்டை வெக்கறப்போ பெரிய மரமாப் பார்த்து, பொந்துக்குள்ள போய் உக்காந்துக்கும். உக்காந்து, வாசலை மண்ணும் எச்சமும் வெச்சு அடைச்சுடும். அலகு நுழையற அளவுக்கு ஒரு கீறல்தான் விடும். ஆண் பறவை பழம் கொண்டு வந்து அந்தக் கீறல் வழியா ஊட்டும். உள்ளே இருக்கிறதுக்குச் சிறகு எல்லாம் உதிர்ந்திருக்கும். நினைச்சாலும் பறக்க முடியாது."

"அப்போ மரம் விழுந்தா?"

"உள்ளேயேதான் விழும்."

"நீங்க பார்த்தீங்களா?"

அவன் டீச்சரைப் பார்த்தான். நிறுத்தச் சொல்வாள் என்று எதிர்பார்த்தானோ என்னவோ. அவள் நிறுத்தவில்லை.

"பார்த்தேன். போன வருஷம். நானூத்திப் பதினேழாம் நம்பர் மரம். விழுந்து பொந்து பிளந்த பிறகுதான் தெரிஞ்சுது. அம்மாவும் ரெண்டு குஞ்சும். ஆண் பறவை மூணு நாள் வந்துச்சு. வாயில பழம். மரம் நின்ன இடத்துல வெறும் காத்துல சுத்திச் சுத்திப் பறந்துச்சு."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"அடுத்த மரத்தை வெட்டினேன்."

ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த வாலு திரும்பி அப்பாவைப் பார்த்தாள். பார்வையில் மன்னிப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு வாரத்தில் முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தாள்.

கடைசியில் ஒரு பெண் சமாதானம் தேடுகிற மாதிரிக் கேட்டாள். "கம்பெனிதான் புதுச் செடி நடுதே?"

"நடுது. நானும் நட்டிருக்கேன். எல்லாம் ஒரே ஜாதிச் செடி, ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி. அதுல ஒரு பறவை உள்ளே உக்கார்ற அளவு பொந்து விழ நூறு வருஷம் ஆகும் கண்ணு. இருபது வருஷத்துல அதையும் வெட்டிடுவோம்."

அவன் எழுந்து போனான். பிறகு மூன்றாம் வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"டீச்சர், சிவப்புப் பென்சில் இருக்கா?"

வகுப்பில் அவள் அம்மாவை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள்.

டீச்சரிடம் ஒரு பெட்டி சிவப்புப் பென்சில் இருந்தது. எதற்கு என்று கேட்டிருக்கலாம். கேட்டால் தடுக்க வேண்டி வரும். பெட்டியைத் திறந்து மேஜையில் வைத்தாள்.

*

வெள்ளிக்கிழமை டைரக்டர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, சேறு படாத காலணி. வாசலிலிருந்து வகுப்பு வரை அவருக்காகப் பலகை போட்டிருந்தார்கள். பெரிய சார் குடை பிடித்தார்.

"குழந்தைகளோட உக்காந்து படிக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துடலாம் சார். அப்புறம் பாட்டு," என்றாள் மேடம்.

டைரக்டர் சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த பிள்ளையின் புத்தகத்தை வாங்கித் திறந்தார். போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார்.

முதல் பக்கத்தில் ஒன்பது மரங்கள். ஒன்பதிலும் நெஞ்சு உயரத்துக்குச் சிவப்பு நம்பர். அடுத்த பக்கத்திலும் நம்பர். ஏழாம் பக்கத்தில் பறந்துகொண்டிருந்த இருவாச்சிகளைக் கிறுக்கி மறைத்துவிட்டு, மரத்துக்குள் ஒரு வட்டமும் வட்டத்துக்குள் ஒரு கண்ணும் வரைந்திருந்தார்கள். பன்னிரண்டாம் பக்கத்தில் அரக்கனுக்குப் பின்னால் ஒரு புது ஆள் நின்றான். கையில் பெயிண்ட் டப்பா. சட்டைப் பையில் இலைச் சின்னம். வரைந்தது ஏழு வயசுக் கை, அதனால் ஆள் கொஞ்சம் கோணல். சின்னம் மட்டும் கடைசிப் பக்கத்தைப் பார்த்து அச்சு அசலாக வரையப்பட்டிருந்தது.

டைரக்டர் வேறொரு புத்தகத்தை வாங்கினார். அதிலும் அப்படியே. இதில் பெயிண்ட் டப்பா ஆளுக்குக் கண்ணாடி இருந்தது.

"என்ன இது?"

"நம்பர் சார். நம்பர் இல்லாம யாரும் மரம் வெட்ட முடியாது. நீங்க போட மறந்துட்டீங்க, நாங்க போட்டுட்டோம்," என்றான் புத்தகத்துக்குச் சொந்தக்காரன், உதவி செய்த பெருமையில்.

மேடத்தின் முகம் வெளுத்தது. "டீச்சர், இதுக்குப் பேரு நாசவேலை. கம்பெனி சொத்து இது."

"இலவசம்னு சொல்லித்தானே குடுத்தீங்க? இலவசமாக் குடுத்தது எப்போ மேடம் சொத்தாச்சு? என் வீட்டுக்காரர் மூஞ்சி அவர் சொத்து. அதை எடுக்கறப்போ நீங்க யார்கிட்ட கேட்டீங்க?"

"டீச்சர், போதும்," என்றார் பெரிய சார். கெஞ்சல் மாதிரி இருந்தது.

டைரக்டர் அனுபவசாலி. கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கிவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார். "நல்லா வரைஞ்சிருக்கீங்க. யார் சொல்லிக் குடுத்தா?"

மூன்றாம் வரிசையில் வாலு எழுந்து நின்றாள்.

"எங்கப்பா."

"உங்கப்பா என்ன பண்றார்?"

"உங்க கம்பெனியில மரம் வெட்டறாரு. பன்னண்டாம் பக்கத்துல இருக்காரு." அவள் தன் புத்தகத்தைத் தூக்கிக் காட்டவில்லை. காலடியில் அது மூடியே இருந்தது. அதைப் பார்க்காமலே சொன்னாள். "சார், ஒண்ணு கேக்கணும். எங்கப்பாவுக்குப் பிள்ளை இல்லைன்னு ஏன் எழுதுனீங்க?"

டைரக்டர் மேடத்தைப் பார்த்தார். மேடம் பெரிய சாரைப் பார்த்தாள். பெரிய சார் கூரையைப் பார்த்தார்.

"அது... கதைம்மா."

"நான் இருக்கேனே," என்றாள் வாலு.

போட்டோக்காரர் கேமராவை இறக்கி உறையில் போட்டார். அன்றைக்குப் பாட்டு நடக்கவில்லை.

*

திங்கட்கிழமை இரண்டு ஆட்கள் வந்து முப்பத்தொரு புத்தகங்களையும் எண்ணிப் பெட்டியில் போட்டு வேனில் ஏற்றினார்கள். செவ்வாய்க்கிழமை டீச்சருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. வாசிப்பு வகுப்பு ரத்து. அந்த நேரத்தில் பிள்ளைகள் மைதானத்தில் ஓடலாம் என்று பெரிய சார் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்.

புதன்கிழமை ரம்பக்காரனிடம் மெஷினை வாங்கிக்கொண்டார்கள். "உடம்பு சரியில்லாத மாதிரி இருக்கு, கொஞ்ச நாள் யார்டுல இருங்க" என்றார்களாம். யார்டு என்றால் அறுவை மில்லின் முற்றம். வந்து விழுகிற மரங்களுக்குப் பட்டை உரிக்கிற வேலை. குனிந்தே நிற்க வேண்டும். மரத்தின் ஈரப் பட்டையில் நாற்றம் எடுக்கிற சாறு கைக்குள் இறங்கும். அவன் வீட்டுக்கு வந்து சோப்பு போட்டுப் போட்டுக் கழுவினான்.

"நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும்," என்றாள் டீச்சர்.

"இருந்திருந்தா நான் இன்னும் காட்டுல இருப்பேன். இவ இன்னும் உங்கிட்டதான் தண்ணி எங்கே இருக்குன்னு சொல்லிக்கிட்டு இருப்பா."

வாலு பேசினாள். பேசினாள் என்பதைவிடத் திட்டினாள் என்பது பொருத்தம். டைரக்டர் வந்த வெள்ளிக்கிழமை சாயந்திரமே ஆரம்பித்துவிட்டாள். "கூடு இருக்கான்னு மேலே பார்த்துட்டு வெட்ட வேண்டியதுதானே?" "மூணு நாள் அது சுத்தினப்போ ஒரு பழமாவது குடுத்தீங்களா?" "எனக்கு ஏன் அப்பவே சொல்லலை?" அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். பெரும்பாலான பதில் "தப்புதான்" என்பது. டீச்சர் குறுக்கே போகவில்லை. அவளுக்கும் அதே கோபம்தான். அந்தப் பறவையை ஒரு வருஷம் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, இவன் அவள் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறான்.

சனிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கயிறு வந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

"என்ன மச்சான், புது மாப்பிள்ளை மாதிரி நிக்கறே? உள்ளே வா."

"மெஷினை எங்கிட்ட குடுத்துட்டாங்க மாப்ளே." ஈரத் துண்டைப் பிழிந்தான். "நேத்துலேர்ந்து. நான் என்ன பண்ணட்டும் சொல்லுங்க. எனக்கும் ரெண்டு இருக்கு வீட்டுல."

டீச்சர் அண்ணனை முறைத்தாள். வாயைத் திறந்தாள். ரம்பக்காரன் முந்திக்கொண்டான்.

"நீ வெட்டலைன்னா வேற எவனாவது வெட்டுவான். உள்ளே வா, டீ குடி."

கயிறு உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தான். டீயைக் குடிக்காமல் டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"இன்னொண்ணும் இருக்கு. நம்பர் போடறதை நிறுத்திட்டாங்க."

"என்ன சொல்றே?"

"புது இடத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்க, அங்கே பெயிண்டே இல்லை. டைரக்டர் வந்துட்டுப் போனதுக்கு அப்புறம் மேலேர்ந்து உத்தரவாம். சர்வேயர் எங்க கூடவே வர்றாரு. இது, அது, அதோ அதுன்னு விரலால காட்டறாரு. காட்டிட்டுக் கையைப் பைக்குள்ள விட்டுக்கறாரு. நான் வெட்டறேன்." குரல் கம்மியது. "முன்னாடியாவது வெட்டின கட்டையில நம்பர் இருக்கும். யாராவது கேட்டா காட்டலாம். இப்போ நான்தான் வெட்டினேன்கிறதுக்கு நான் மட்டும்தான் சாட்சி."

டீச்சருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முப்பத்தொரு பிள்ளைகள் ஒரு பெட்டிச் சிவப்புப் பென்சிலைத் தேய்த்துச் சொன்ன உண்மைக்கு அந்தப் பெரிய கம்பெனி கண்டுபிடித்த பதில் இது. பெயிண்ட் செலவும் மிச்சம்.

"விட்டானுங்களா பாரு," என்றாள்.

ரம்பக்காரன் எழுந்து போய் வாசலில் மழையைப் பார்த்து நின்றான். மூன்று பெரியவர்களும் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாலு உள்ளே போனாள். கணக்கு நோட்டின் நடுவிலிருந்து நாலு தாளைச் சரக்கென்று பிய்த்துக்கொண்டு வந்து, மாமாவின் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எந்த விரல் மாமா?"

"என்னடி?"

"சர்வேயர் எந்த விரலால காட்டறாரு?"

கயிறு தன் கையைப் பார்த்தான். ஆள்காட்டி விரலை நீட்டினான். "இதான்."

"நகம் எப்படி? அழுக்கா, சுத்தமா?"

"சுத்தமா இருக்கும். மோதிரம் ஒண்ணு, பக்கத்து விரல்ல. கல்லு வெச்சது."

"என்ன கலர் கல்லு?"

"பச்சை."

அவள் முதல் தாளில் விரலை வரைய ஆரம்பித்தாள். தாளை அடைக்கிற மாதிரிப் பெரிய விரல். நகத்தை ரொம்பக் கவனமாகப் போட்டாள்.

"அப்பா, அங்கேயே நிக்காதீங்க," என்றாள், தலையைத் தூக்காமல். "இங்கே வந்து உக்காருங்க. மாமா விரல் சொல்லட்டும். மரம் எப்படி இருந்துச்சுன்னு நீங்க சொல்லுங்க. இது நம்ம புத்தகம், எல்லா மரத்தையும் சொல்லணும்."